கெட்டில் வாங்கப் போகிறீர்களா? வீட்டில் பியர் காய்ச்சுவோருக்கான கேள்வி–பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பலவும் ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன: மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாற்றை ஹாப்ஸோடு (கசப்பும் மணமும் தரும் பூ) சேர்த்துக் கொதிக்க வைக்கும் பெரிய பாத்திரம். காய்ச்சுவோர் அதைக் கெட்டில் என்பார்கள். அதற்குள் கொதிக்கும், இன்னும் ஈஸ்ட் சேராத சாறு வோர்ட். அதனால் மற்ற கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு, பக்கம் முழுவதையும் கெட்டிலுக்கே கொடுத்துவிட்டோம்.

கேள்வி: ஒரு தடவைக்கு 20 லிட்டர் பியர் போதும். 25 லிட்டர் கெட்டில் வாங்கினால் 5 லிட்டர் மிச்சம் இருக்கிறதே, போதாதா?

போதாது. கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். நொதிக்கும் வாளிக்குள் 20 லிட்டர் போக வேண்டும். கெட்டிலின் அடியில் ஹாப்ஸ் கசடும் திரிந்த புரதமுமாக 2 லிட்டராவது தங்கிவிடும். ஆக, ஆறிய நிலையில் 22 லிட்டர் தேவை. கொதிக்கும் வோர்ட் ஆறும்போது ஏறத்தாழ 4 சதவீதம் சுருங்கும். எனவே அடுப்பை அணைக்கும் நேரத்தில் 23 லிட்டர் இருக்க வேண்டும். ஒரு மணி நேரக் கொதிப்பில் 4 லிட்டர் ஆவியாகப் போகிறது என்று வைத்துக்கொண்டால், தொடக்கத்தில் 27 லிட்டர். உங்கள் 25 லிட்டர் பாத்திரம் அடுப்பில் ஏறும் முன்பே நிரம்பி வழிந்துவிட்டது!

27 லிட்டரோடும் கணக்கு முடியவில்லை. கொதி வரும்போது நுரை எழும்ப இடம் வேண்டும். இன்னும் கால் பங்கு முதல் 30 சதவீதம் வரை சேர்த்தால் 34, 35 லிட்டர். அதனால்தான் 20 லிட்டர் காய்ச்சுவோருக்கு 36 முதல் 40 லிட்டர் வரை உள்ள கெட்டில் என்கிறோம்.

வாங்கும்போது கேலன் கணக்கில் ஏமாற வேண்டாம். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். '10 கேலன்' என்று எழுதியிருந்தால் அது 38 லிட்டராகவும் இருக்கலாம், 45 லிட்டராகவும் இருக்கலாம். டேப் எடுத்து உள்விட்டத்தையும் உயரத்தையும் அளந்துவிட்டால் சந்தேகமே இல்லை. உள்விட்டம் 36 செ.மீ. என்றால், ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்துக்கும் கிட்டத்தட்ட சரியாக 1 லிட்டர் பிடிக்கும். நினைவில் வைத்துக்கொள்ளச் சுலபமான அளவு இது.

கேள்வி: தானியத்தைத் துணிப்பையில் போட்டு, அதே கெட்டிலில் ஊறவைத்து, அதிலேயே காய்ச்சும் முறையைப் பின்பற்றலாம் என்றிருக்கிறேன். அதற்கும் 40 லிட்டர்தானா?

4.5–5 சதவீதம் ஆல்கஹால் உள்ள வழக்கமான பியருக்கு 40 போதும். தானியம் கூடுதலாகப் போட்டு அதைவிடக் கடுமையான பியர் காய்ச்சும் எண்ணம் இருந்தால் 50 வாங்குங்கள்.

பைமுறையில் மொத்தத் தண்ணீரும் தொடக்கத்திலேயே கெட்டிலுக்குள் இறங்குகிறது. 5 கிலோ தானியம், பையை நன்றாகப் பிழிந்த பிறகும், கிலோவுக்கு 0.6 லிட்டர் வீதம் 3 லிட்டரைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். எனவே 27-க்குப் பதில் 30 லிட்டர் தண்ணீர். அதில் தானியம் மூழ்கும்போது கிலோவுக்கு ஏறக்குறைய 0.67 லிட்டர் மட்டம் உயரும். 5 கிலோவுக்கு 3.3 லிட்டர். மொத்தம் 33 லிட்டரைத் தாண்டும். 40 லிட்டர் கெட்டிலில் துடுப்பு போட்டுக் கிளற இடம் இருக்கிறது. இதே கணக்கை 8 கிலோவுக்குப் போட்டுப் பாருங்கள்: தண்ணீர் 31.8, தானியத்தின் இடம் 5.4, ஆக 37 லிட்டருக்கு மேல். கிளறினால் தரையில்தான் கொட்டும்.

மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (கடையில் கிடைக்கும், செறிவாக்கிய மால்ட் சாறு) மட்டும் பயன்படுத்தி, 10–12 லிட்டரைக் கொதிக்கவைத்துப் பிறகு தண்ணீர் ஊற்றி 20 ஆக்குவோருக்கு 18–20 லிட்டர் பாத்திரமே போதும். செறிவான சாற்றைக் கொதிக்க வைப்பதால் நிறம் சற்றுக் கருக்கும். அந்த ஒன்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அகலமான கெட்டில் நல்லதா, உயரமானதா? அகலமாக இருந்தால் நிறைய ஆவியாகிவிடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார்.

நண்பர் சொல்வதில் பாதிதான் சரி. எவ்வளவு ஆவியாகும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அடுப்பு. கொதிநிலையில் உள்ள ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2257 கிலோஜூல் வேண்டும். அதாவது வோர்ட்டுக்குள் உண்மையில் போய்ச் சேரும் ஒவ்வொரு கிலோவாட்டும் மணிக்கு 1.6 லிட்டரை ஆவியாக்கும். தேவைக்கு மேல் ஆவியானால் தீயைக் குறையுங்கள். வோர்ட் எரிமலை போலக் குமுற வேண்டியதில்லை; மேற்பரப்பு தொடர்ந்து புரண்டுகொண்டிருந்தால் போதும். மணிக்கு 10–15 சதவீதம் குறைந்தால் வீட்டுக் காய்ச்சலுக்குச் சரி. அதற்கு மேல் போனால் நிறமும் கருகல் சுவையும் ஏறும், கேஸும் வீண்.

வடிவத்தால் வரும் தொல்லைகள் வேறு. மிகக் குறுகி உயர்ந்த கெட்டிலில் அடிப்பரப்பு சிறிது. தீ பக்கவாட்டில் ஏறி வீணாகும், கொதி வரத் தாமதமாகும், நுரை எழும்ப அகலம் இருக்காது. மிக அகன்றதில் வோர்ட்டின் ஆழம் குறைந்து, குளிர்விக்கும் செம்புச் சுருளின் மேல்வளையங்கள் வெளியே நிற்கும். வெளியே நிற்கும் வளையம் எதையும் குளிர்விக்காது. உயரம் விட்டத்துக்குச் சமமாகவோ, ஒன்றேகால் மடங்கு வரையோ இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். விட்டம் 36, உயரம் 36 என்றால் 36 லிட்டர்; இரண்டும் 40 என்றால் 50 லிட்டர்.

கேள்வி: அலுமினியம் விலை குறைவு. ஆனால் உடம்புக்கு ஆகாது என்கிறார்களே?

வோர்ட்டின் பி.ஹெச். 5.2–5.5 அளவில் இருக்கும். தக்காளிச் சாற்றைவிடப் புளிப்பு குறைவு. அந்தப் புளிப்பில், மேற்பூச்சு கட்டிய அலுமினியத்திலிருந்து கரைந்து வருவது மிகச் சொற்பம். சுவையிலும் தெரியாது. வெப்பம் பரவுவதில் அலுமினியம் எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கும் மேல் சிறந்தது, எடையும் குறைவு.

பூச்சு என்றது ஆக்ஸைடு படலத்தை. புதுப் பாத்திரத்தில் விளிம்புவரை வெறும் தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள். உள்பக்கம் மங்கிச் சாம்பல் நிறமாகும். அது அழுக்கு இல்லை, காப்பு. பளபளப்பு போய்விட்டதே என்று கம்பி நார் போட்டுத் தேய்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அலுமினியத்தின் உண்மையான குறை கழுவுவதில் இருக்கிறது. காஸ்டிக் சோடா அதை அரித்துவிடும். காய்ச்சுவோர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் போடும் சோடியம் பெர்கார்பனேட் வகைப் பொடிகளும் அதைக் கறுக்கடித்துக் குழி விழவைக்கும். பாத்திரம் கழுவும் சாதாரண சோப்பும் மென்மையான ஸ்பாஞ்சும்தான் அதற்கு ஏற்றவை. இண்டக்‌ஷன் அடுப்பில் சாதாரண அலுமினியம் சூடாகாது என்பதையும் மறக்க வேண்டாம்.

எனாமல் பூச்சுப் பாத்திரம் தெறிக்காத வரை நல்லது. எங்காவது சில்லு பெயர்ந்தால் உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடித்து, பியரில் ரத்தம் போன்ற உலோகச் சுவை வரும். அதில் துளையிட்டு வால்வு பொருத்தவும் முடியாது. நான்ஸ்டிக் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எவர்சில்வர் கெட்டிலில் எக்ஸ்ட்ராக்ட் ஊற்றும்போதெல்லாம் அடிப்பிடிக்கிறது. பாத்திரக் குறையா, கைக்குறையா?

இரண்டும் கலந்தது. ஒற்றைத் தகட்டு எவர்சில்வர் வெப்பத்தைப் பக்கவாட்டில் பரப்பாது. தீ நாக்கு படும் இடம் மட்டும் கொதித்துக் கருகும். இரண்டு அங்குலம் தள்ளி வெதுவெதுப்பாக இருக்கும். கெட்டியான எக்ஸ்ட்ராக்ட் நேராக அடியில் போய் அந்த இடத்தில் படிந்தால் கருகாமல் என்ன செய்யும்? இரண்டு எவர்சில்வர் தகடுகளுக்கு நடுவே அலுமினியத் தட்டு வைத்து அழுத்திய மூவடுக்கு அடி இதற்கு நல்ல மருந்து. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் தனித் தட்டு ஒட்டியதுபோல் விளிம்பு தெரியும். அந்தத் தட்டு 4–5 மி.மீ. இருந்தால் நல்லது. பக்கச் சுவர் 0.8 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும்.

கைப்பழக்கம் இது: எக்ஸ்ட்ராக்ட் சேர்க்கும் முன் அடுப்பை அணையுங்கள். தணிப்பது போதாது. ஊற்றி, துடுப்பு அடியில் வழுக்கிப் போகும்வரை கிளறிவிட்டு, பிறகு ஏற்றுங்கள்.

கேள்வி: வால்வு இல்லாத 40 லிட்டர் எவர்சில்வர் பாத்திரம் இருக்கிறது. நானே துளையிட்டு வால்வு மாட்டலாமா? வெல்டிங் தேவையா?

வெல்டிங் இல்லாமலே முடியும். முதலில் ஏன் வால்வு என்பதைப் பார்த்துவிடலாம். 27 லிட்டர் வோர்ட் 28 கிலோ. பாத்திரத்தோடு சேர்த்து 33, 34 கிலோ வரும். கொதித்த வோர்ட்டோடு அதைத் தூக்கிச் சரிக்க நினைப்பதே தவறு. ஆறிய பிறகு சைஃபன் குழாய் போட்டு இறக்கத் தயார் என்றால் வால்வு கட்டாயமில்லை.

மாட்டுவதாக இருந்தால் அரை அங்குல வால்வு சரியான அளவு. துளையின் மையம், வெளிப்பக்கம் தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் வரட்டும். இன்னும் கீழே போனால் அடித்தட்டின் வளைவில் நட் சமமாக உட்காராது. கசிவைத் தடுக்கும் வளையமான ஓ-ரிங்கையும் தீ சுடும். கைப்பிடிக்கு நேர் கீழே வேண்டாம், தூக்கும்போது முழங்கையில் இடிக்கும்.

உள்பக்கம் ஒரு மரக்கட்டையை வைத்து, வெளியே சென்டர் பஞ்சால் ஒரு குழி தட்டுங்கள். 3 அல்லது 4 மி.மீ. கோபால்ட் பிட்டால் முதல் துளை. வேகம் மிகக் குறைவு, அழுத்தம் அதிகம், எண்ணெய் தாராளம். இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும் எவர்சில்வர் பழிவாங்கும். பிட் வெட்டாமல் தேய்த்துக்கொண்டே இருந்தால் அந்த இடம் இறுகிவிடும். அப்புறம் எந்த பிட்டும் இறங்காது. சுருள் சுருளாகச் சீவல் வர வேண்டும். வரவில்லை என்றால் நிறுத்திவிட்டு பிட்டை மாற்றுங்கள். பிறகு படிபடியாக அகலும் ஸ்டெப் பிட். அரை அங்குலக் குழாயின் மரை வெளிவிட்டம் ஏறக்குறைய 21 மி.மீ. எனவே 20-ஐத் தாண்டியதும் ஒவ்வொரு படிக்கும் நிறுத்திப் பொருத்திப் பாருங்கள். பெரிதாகிவிட்ட துளையைச் சிறிதாக்க முடியாது. கடைசியில் இரு பக்கமும் பிசிறை அரத்தால் வழவழவென்று தேயுங்கள். வால்வு கசிகிறது என்று வரும் புகார்களில் ஓ-ரிங்கை அறுத்த பிசிறுதான் அடிக்கடி குற்றவாளி.

ஓ-ரிங் சிலிக்கான்தான் வேண்டும். அது உட்காரப் பள்ளம் உள்ள வாஷர் அல்லது நட் இருந்தால் இன்னும் நல்லது. கையால் இறுக்கி, பிறகு ஸ்பானரால் கால் சுற்று, அவ்வளவுதான். பலசாலித்தனம் காட்டினால் ஓ-ரிங் பிதுங்கி வெளியே வந்துவிடும், இறுக்க இறுக்கக் கசிவு கூடும். மரைகளில் டெஃப்லான் டேப் சுற்றுங்கள். முதலில் குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம், அடுத்துக் கொதிக்கவைத்து என இரண்டு சோதனைகள். கொதியில் சொட்டினால், ஆறவிட்டுச் சற்றே இறுக்குங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். அரை அங்குல மரையில் என்.பி.டி. (அமெரிக்க அளவுமுறை), பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் அளவுமுறை) என்று இரண்டு இனம் உண்டு. இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரைகள்தான் என்பதால் ஒன்றுக்குள் ஒன்று சில சுற்றுகள் போகும்; ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 60 பாகை, மற்றதில் 55. கசிந்தே தீரும். எல்லாத் துண்டுகளையும் ஒரே இனத்தில் வாங்குங்கள். அடுத்தது வால்வின் உள்ளே தங்கும் அழுக்கு. உள்ளே ஒரு பந்து சுழன்று திறக்கும் 'பால்' (ball) வால்வில், அந்தப் பந்துக்கும் உறைக்கும் நடுவே பழைய வோர்ட் தங்கிப் புளிக்கும். மூன்று துண்டாகக் கழற்றக்கூடிய வால்வு வாங்கி, சில காய்ச்சல்களுக்கு ஒருமுறை பிரித்துக் கழுவுங்கள். கொதி முடியும் முன் கொஞ்சம் வோர்ட்டை வால்வு வழியாக ஒரு குவளையில் பிடித்து, திரும்பக் கெட்டிலிலேயே ஊற்றிவிடுவதும் நல்ல பழக்கம்.

கேள்வி: வால்வின் உள்முனையில் கம்பிவலைக் குழாய் மாட்டினேன். பாதி வோர்ட் இறங்கியதும் அடைத்துக்கொண்டது.

பெல்லட் ஹாப்ஸ் (பொடித்துக் குளிகையாக அழுத்தியது) பயன்படுத்தியிருப்பீர்கள். அது தண்ணீரில் பொடியாகிச் சேறாகும். திரிந்த புரதமும் சேர்ந்தால் வலைக்கண்கள் மூடிவிடும். முழு ஹாப்ஸ் பூவுக்குத்தான் வலை உதவும். பூக்களே வலைமேல் படுக்கையாகி வடிகட்டிவிடும்.

வலையைக் கழற்றிவிட்டு, உள்முனையில் ஒரு வளைகுழாயை மாட்டி, அதன் வாயைக் கெட்டிலின் சுவரோரம் அடியை நோக்கித் திருப்புங்கள். அடுப்பை அணைத்து வோர்ட்டைக் குளிர்வித்த பின், சுத்தப்படுத்திய கரண்டியால் ஒரே திசையில் ஓரிரு நிமிடம் வேகமாகச் சுழற்றி, மூடிவிட்டு 15–20 நிமிடம் தொடாதீர்கள். கசடு நடுவில் கூம்பாகக் குவியும். சுவரோரத்திலிருந்து தெளிவானது இறங்கும். வால்வை முழுக்கத் திறந்தால் கூம்பு சரியும். பாதிக்கும் குறைவாகத் திறந்து பொறுமையாக விடுங்கள்.

கேள்வி: மூடி வைத்துக் காய்ச்சினால் கேஸ் மிச்சமாகுமே? கெட்டிலோடு வந்த மூடி எதற்கு?

கொதி வரும்வரை மூடுங்கள். கொதி வந்ததும் எடுத்துவிடுங்கள். மால்ட்டில் உள்ள ஒரு சேர்மம் சூட்டில் உடைந்து டைமெத்தில் சல்ஃபைடு ஆகிறது. வேகவைத்த மக்காச்சோள வாடை அதனுடையது. அது ஆவியோடு போய்விடக்கூடியது. மூடியிருந்தால் மூடியில் துளிகளாகி வோர்ட்டிலேயே விழும். வெளிறிய பில்ஸ்னர் மால்ட்டில் அந்தச் சேர்மம் அதிகம் என்பதால்தான் அதற்கு 90 நிமிடக் கொதி சொல்கிறார்கள்.

கேள்வி: 30 லிட்டர் கெட்டிலை ஏற்கெனவே வாங்கிவிட்டேன். 27 லிட்டர் வைத்தால் ஒவ்வொரு முறையும் பொங்கி வழிகிறது. வேறு வாங்க இப்போது வசதியில்லை.

வாங்க வேண்டாம், சமாளிக்கலாம். 4 லிட்டர் வோர்ட்டை வேறு பாத்திரத்தில் எடுத்து வைத்து அதையும் சூடாக்கிக்கொள்ளுங்கள். கெட்டிலில் ஆவியாகக் குறையக் குறைய அதைச் சேர்த்துவாருங்கள். கண்ணை எடுக்கக்கூடாத நேரங்கள் இரண்டு. ஒன்று, முதல் கொதி: அப்போது புரதம் திரிந்து தடித்த நுரை எழும். அந்த நுரை உடைந்து அடங்கிய பிறகு ஆபத்து பெரும்பாலும் நீங்கிவிடும். இரண்டாவது, ஹாப்ஸ் போடும் கணம். ஹாப்ஸைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். தெளிப்பான் பாட்டிலில் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். பொங்கும் நுரை மேல் பீய்ச்சினால் அடங்கும். உணவுத்தர சிலிக்கான் நுரையடக்கி சில சொட்டுகள் விட்டாலும் போதும்; அது ஈஸ்ட்டோடும் கசடோடும் அடியில் தங்கிவிடும்.

கேள்வி: கேஸ் இல்லை, மின்சாரம்தான். 2 கிலோவாட் இண்டக்‌ஷன் அடுப்பு 27 லிட்டரைக் கொதிக்க வைக்குமா?

வைக்கும், ஆனால் வேண்டாவெறுப்பாக. 65 டிகிரியிலிருந்து 100-க்கு ஏற்றவே 40 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். கொதி வந்த பிறகும் சுவர்வழியாகப் போகும் வெப்பத்தைக் கழித்தால் மணிக்கு 2 லிட்டர்கூட ஆவியாகாது. 2 கிலோவாட்டுக்கு 12–15 லிட்டர் பொருத்தம். 27-க்கு 3 முதல் 3.5 கிலோவாட் வரை வேண்டும். கெட்டிலின் பக்கங்களில் வெப்பம் தாங்கும் உறை சுற்றினால் ஓரளவு ஈடுகட்டலாம்.

இண்டக்‌ஷனுக்கு வாங்கும்போது பையில் ஒரு காந்தம் எடுத்துச் செல்லுங்கள். பாத்திரங்களுக்கு வழக்கமாகப் பயன்படும் 304 ரக எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. அடித்தட்டு காந்தம் பிடிக்கும் எஃகாக இருந்தால்தான் அடுப்பு அதை ஏற்கும். அடுப்பின் கண்ணாடி எத்தனை கிலோ தாங்கும் என்றும் பாருங்கள். நிறைந்த கெட்டில் 34 கிலோ என்று மேலேயே சொன்னோம்.

கெட்டிலுக்குள்ளேயே ஹீட்டர் கம்பி பொருத்துவதாக இருந்தால், கம்பி நீளமாக, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வரும் வாட் குறைவாக இருப்பதே வோர்ட்டைக் கருகவிடாது. கம்பி மூழ்காமல் சுவிட்சைப் போட்டால் ஒரே நிமிடத்தில் போய்விடும். கெட்டிலின் உடலுக்கு எர்த் இணைப்பும், சர்க்யூட்டில் கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

கேள்வி: பக்கத்தில் வெப்பமானி, அளவுகாட்டும் கண்ணாடிக் குழாய் எல்லாம் வைத்த கெட்டில் அழகாக இருக்கிறது. அதையே வாங்கட்டுமா?

கொதிக்கும் வோர்ட்டின் வெப்பநிலை தெரிய வெப்பமானி எதற்கு? துணிப்பை அதில் மாட்டிக் கிழியும், குளிர்விக்கும் சுருள் இடிக்கும். அளவுக்கு ஒரு மரக்குச்சி போதும்: எடைமெஷினில் பார்த்து 5 கிலோ 5 கிலோவாகத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு முறையும் குச்சியில் ஒரு கோடு கீறுங்கள். கொதிநிலையில் படிக்கும்போது 4 சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தைப் பெரிய கொள்ளளவுக்கும் தடித்த அடிக்கும் போடுங்கள். வால்வைக்கூடப் பின்னால் மாட்டிக்கொள்ளலாம். பாத்திரத்தைப் பின்னால் பெரிதாக்க முடியாது.

கேள்வி: எவர்சில்வர் கெட்டிலில் துருப்புள்ளிகள்! கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

கம்பி நாரால் தேய்த்தீர்களா, பிளீச்சில் ஊறப்போட்டீர்களா என்று முதலில் யோசித்துப் பாருங்கள். நாரின் இரும்புத் துகள்கள் தகட்டில் பதிந்து துருப்பிடிக்கும். குளோரின் எவர்சில்வரின் காப்புப் படலத்தையே துளைக்கும். ஆக்ஸாலிக் அமிலம் கலந்த சுத்தப்படுத்தும் பொடியை ஈரத் துணியில் தொட்டுத் தேய்த்து, நன்றாக அலசி, ஈரமில்லாமல் துடைத்து, ஒரு நாள் காற்றில் விடுங்கள். படலம் தானாகவே மீண்டும் கட்டிக்கொள்ளும். வெளிறிய, சொரசொரப்பான படிவு என்றால் அது துரு இல்லை, கால்சியம் ஆக்ஸலேட். காய்ச்சுவோர் பியர் கல் என்பார்கள். அதற்குக் காரம் பயன்படாது, சிட்ரிக் அல்லது பாஸ்பாரிக் அமிலக் கரைசல்தான். எது எப்படியானாலும் அமிலத்தையும் பிளீச்சையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.